கடல் கடந்த பிறந்தநாள்: இதெல்லாம் தெரியுமா?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்குப் பிறந்தநாள் வந்தால் எப்படி இருக்கும்? அம்மா கை பாயசம் கிடையாது. கோயிலில் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்ய வீட்டு ஆள் பக்கத்தில் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர், ஒரே அறையில் தங்கியிருப்பவர், அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவர்... அன்றைக்குச் சொந்தபந்தம் எல்லாமே இவர்கள்தான்! அவர்கள் கூடி நின்று ஒரு கேக் வெட்டவைத்தால் போதும், அந்த வருஷத்துக்கே தெம்பு வந்துவிடும். அந்தச் சின்னக் கொண்டாட்டத்துக்குப் பின்னால் எவ்வளவு வரலாறு, எத்தனை வழக்கம், எத்தனை ஆச்சரியம் இருக்கிறது தெரியுமா? ரோமானியர் கோட்டையில் தொடங்கிச் செவ்வாய்க் கிரகம் வரை போய்ப் பார்த்துவிடலாம், வாருங்கள்!

1,900 வருஷத்துக்கு முந்தைய அழைப்பிதழ்!

வெளியூர் வேலையில் பிறந்தநாள் கொண்டாடுவது நம் காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறீர்களா? கி.பி. 100-ஐ ஒட்டிய காலம். இன்றைய இங்கிலாந்தின் வடக்கு ஓரம். ரோமப் பேரரசின் கடைசி எல்லையான அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் விண்டோலாண்டா என்றொரு கோட்டை. அதன் தளபதி ஃப்ளேவியஸ் செரியாலிஸ். அவருடைய படை இன்றைய நெதர்லாந்துப் பகுதியிலிருந்து வந்த படாவியர் படை. செரியாலிஸின் மனைவி பெயர் சுல்பிசியா லெப்பிடினா. இன்னொரு கோட்டைத் தளபதியின் மனைவி கிளாடியா செவெரா, லெப்பிடினாவுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். விஷயம்? செப்டம்பர் 11-ஆம் தேதி என் பிறந்தநாள், நீ வந்தால்தான் அந்த நாள் இனிக்கும், கட்டாயம் வந்துவிடு!

மெல்லிய மரச்சீவலில் மையால் எழுதிய கடிதம் அது. காற்றே புகாத ஈர மண்ணுக்குள் புதைந்து கிடந்ததால் மக்காமல் தப்பியது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு வியப்பும் உண்டு: கடிதத்தின் பெரும்பகுதியை எழுத்தர் எழுத, கடைசியில் சில அன்பான வரிகளைச் செவெரா தன் கையாலேயே எழுதியிருக்கிறார். ஒரு பெண் லத்தீனில் எழுதிய எழுத்துகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று! கணவரின் வேலைக்காகத் தூர தேசம் வந்த ஒரு பெண், தன்னைப்போலவே வந்த இன்னொரு பெண்ணைப் பிறந்தநாளுக்கு அழைத்தது வரலாற்றுச் சான்றாகவே நின்றுவிட்டது.

சூரியனே இல்லாத ஊரில் கேக் வெட்டிய கதை

1911 ஜூன் 6. அண்டார்க்டிகாவின் கேப் எவன்ஸ். மாதக்கணக்கில் சூரியன் எட்டிப்பார்க்காத துருவ இரவு. மரக்குடிலுக்குள் கேப்டன் ராபர்ட் ஃபால்கன் ஸ்காட்டும் அவர் குழுவினரும். அன்று ஸ்காட்டுக்கு 43 வயது நிறைகிறது. அவரேகூட எளிதில் மறந்துபோயிருக்கக்கூடும்! கூட வேலை செய்தவர்கள் மறக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிரம்மாண்டமான கேக் மேசைக்கு வந்தது. சமையல்காரர் கிளிசோல்ட் அதன்மேல் சாக்லேட்டும் பழங்களும் கொடிகளும் வைத்து, ஸ்காட்டின் படங்களையும் ஒட்டி அலங்கரித்திருந்தார்.

ராத்திரி விருந்து இன்னும் விசேஷம். சீல் இறைச்சி சூப், ஆட்டிறைச்சி வறுவல், பழக்கலவை, சாக்லேட்! சுற்றிலும் ஒவ்வொருவருடைய சறுக்குவண்டிக் கொடியும் தொங்கியது. ஹெர்பர்ட் பாண்டிங் எடுத்த அந்த விருந்தின் புகைப்படத்தை இன்றும் பார்க்கலாம். இதையெல்லாம் ஸ்காட் தன் நாட்குறிப்பில் மகிழ்ச்சியோடு எழுதிவைத்திருக்கிறார். அதுவே அவருடைய கடைசிப் பிறந்தநாள். 1912 ஜனவரியில் தென் துருவத்தை எட்டியவர், மார்ச் மாதம் திரும்பும் வழியில் பனியிலேயே உயிர்விட்டார். யோசித்துப் பாருங்கள்: நண்பர்கள் அன்றைக்கு அந்தக் கேக்கைச் செய்யாமல் விட்டிருந்தால்? பிறந்தநாளைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

கேக் யார் வாங்க வேண்டும்?

அமெரிக்க அலுவலகங்களில் பெரும்பாலும் உடன் வேலை செய்பவர்கள்தான் கேக் வாங்கி வைத்து, பிறந்தநாள்காரரை அழைத்து வெட்டச் சொல்வார்கள். ஜெர்மனிக்குப் போனால் எல்லாம் தலைகீழ்! அங்கே பிறந்தநாள்காரர்தான் கேக்கோடு வேலைக்கு வர வேண்டும். நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் அப்படித்தான். பிரிட்டனிலும் பிறந்தநாள்காரரே தின்பண்டம் வாங்கி வைப்பார். பதிலுக்கு மற்றவர்கள் ஓர் உறைக்குள் வாழ்த்து அட்டையை வைத்து, அவர் கண்ணில் படாமல் மேசைக்கு மேசை கடத்திக் கையெழுத்து வாங்குவார்கள்.

இதில் நம் ஊர் எந்தப் பக்கம்? பள்ளிக்கூட நாளிலிருந்தே புதுச் சட்டை போட்டுக்கொண்டு சாக்லேட் டப்பாவோடு வகுப்பு வகுப்பாகப் போனவர்கள் நாம். அதனால் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் தமிழருக்கு இந்த ஒரு வழக்கம் மட்டும் முதல் நாளிலேயே பழகிவிடும்!

முந்தின நாள் வாழ்த்தினால் ஆபத்து!

ஜெர்மானிய நண்பருக்கு நாளைக்குத்தான் பிறந்தநாள், நாளை லீவாயிற்றே, இன்றைக்கே வாழ்த்திவிடலாம் என்று கையை நீட்டாதீர்கள். பிறந்தநாளுக்கு முன்னால் வாழ்த்துவது கெட்ட சகுனம் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஒரு வாரம் கழித்து வாழ்த்தினாலும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் முந்தினால்கூட முகம் மாறிவிடும்!

பிரேமன் நகரில் இன்னொரு வேடிக்கை. 30 வயதாகியும் கல்யாணமாகாத ஆண், அங்குள்ள பேராலயத்தின் படிக்கட்டைப் பெருக்க வேண்டும். நண்பர்கள் அவர் பெருக்கப் பெருக்க பாட்டில் மூடிகளைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெண் வந்து முத்தம் கொடுத்தால்தான் விடுதலை! ஜெர்மன் வரிச் சட்டம்கூடப் பிறந்தநாளை மறக்கவில்லை. பிறந்தநாள்போன்ற சொந்த விசேஷங்களுக்கு முதலாளி தரும் 60 யூரோ வரையான பரிசுப் பொருளுக்கு வரி கிடையாது.

கழிப்பறையில் தொங்கும் காலண்டர்

நெதர்லாந்துக்காரர் வீட்டுக்குப் போனால் கழிப்பறைச் சுவரைப் பாருங்கள். கிழமையே இல்லாத ஒரு காலண்டர் தொங்கும். சொந்தக்காரர், நண்பர், உடன் வேலை செய்பவர் என எல்லாருடைய பிறந்தநாளும் அதில் எழுதியிருக்கும். தினமும் எல்லாரும் போகும் இடம், அதனால் மறக்க வழியே இல்லை!

விருந்துக்குப் போனால் பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்திவிட்டு உட்காரக் கூடாது. அவருடைய அம்மா, மனைவி, அண்ணன், வந்திருக்கும் நண்பர்கள் என அத்தனை பேருக்கும் கைகொடுத்து வாழ்த்த வேண்டும். ஒருவர் பிறந்தது அவரைச் சுற்றியிருக்கும் எல்லாருக்கும் கிடைத்த பாக்கியம் அல்லவா?

மேசைமேல் தேசியக் கொடி

டென்மார்க்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஒருவருடைய மேசையில் குட்டித் தேசியக் கொடி நிற்பதைப் பார்த்தால் ஏதோ அரசு விழா என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்குப் பிறந்தநாள்! கேக்மேல் கொடி, தோட்டத்தில் கொடி, வாசலில் கொடி. அங்கே கொடி என்றாலே கொண்டாட்டம்தான்.

ஆனால் 25 வயதாகியும் கல்யாணமாகவில்லையா? நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் பிடித்து நிறுத்தித் தலை முதல் கால் வரை பட்டைத்தூளைக் கொட்டிவிடுவார்கள். 30 வயதிலும் தனியாள் என்றால் மிளகுத்தூள்!

உலகமே பாடும் பாட்டுக்கு ஒரு வழக்கு

எந்த நாட்டு அலுவலகமானாலும் கேக் வந்ததும் எல்லாரும் பாடும் அந்த ஒரு பாட்டின் மெட்டு எங்கே பிறந்தது? அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரம். பேட்டி ஹில், மில்ட்ரெட் ஹில் என்ற அக்கா தங்கைகள் மழலையர் பள்ளிக்காக உருவாக்கி, 1893-இல் வெளியான காலை வணக்கப் பாட்டு அது! குழந்தைகள் பாடிப் பாடிப் பிறந்தநாள் வாழ்த்தாக மாறிவிட்டது.

அதற்கு ஓர் இசை நிறுவனம் உரிமை கொண்டாடிப் பல்லாண்டு காலம் பணம் வசூலித்தது. அதற்குப் பயந்தே பல அமெரிக்க உணவகங்கள் வாடிக்கையாளர் பிறந்தநாளுக்குத் தாங்களே ஒரு பாட்டுக் கட்டிப் பாடின! அந்தப் பாட்டைப் பற்றியே ஆவணப்படம் எடுக்க வந்தவரிடமும் 1,500 டாலர் கேட்டார்கள். அவர் நீதிமன்றம் போனார். அந்த உரிமை செல்லாது என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. 2016-இல் 1 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சமரசம் முடிந்தது. இப்போது அந்தப் பாட்டு எல்லாருக்கும் பொதுச் சொத்து!

வேண்டாம் என்றவருக்குக் கேக் வைத்தால்?

அதே கென்டக்கியில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் கேளுங்கள். ஓர் ஊழியர் தமக்குப் பதற்ற நோய் இருப்பதைச் சொல்லி, பிறந்தநாள் கொண்டாட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். 2019-இல் அலுவலகம் அதையும் மீறிக் கொண்டாட்டத்துக்கு ஏற்பாடு செய்தது. அவருக்குப் பதற்றம் வந்து, பிறகு வேலையும் போனது. வழக்கு நடந்தது. 2022-இல் நடுவர் குழு அவருக்குத் தரச் சொன்ன தொகை 4,50,000 டாலர்! அன்பாகவே இருந்தாலும், கேட்டுவிட்டுச் செய்வதுதான் மரியாதை. பிறந்தநாள் கொண்டாடுவதில்லை என்பதைத் தங்கள் நம்பிக்கையாகவே வைத்திருப்பவர்களும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் அப்படிப்பட்டவர்கள்.

மெழுகுவத்திக்கும் தரங்கம்பாடிக்கும் தொடர்பு!

வயதுக்கு ஒரு மெழுகுவத்தி என்று கேக்கில் செருகிய பழைய கொண்டாட்டங்களில் ஒன்று 1746-இல் ஜெர்மானியப் பிரபு ட்சின்ட்சென்டோர்ஃபுக்கு நடந்தது. அடுப்பு கொள்ளும் அளவுக்குப் பெரிய கேக், அதில் வயதுக் கணக்குக்குத் துளைகள், துளைக்கு ஒரு மெழுகுவத்தி! இந்தப் பிரபுதான் மொராவிய சபையை வளர்த்தவர். அந்தச் சபையினர் உலகம் முழுவதும் கடல் கடந்து ஊழியத்துக்குப் போனவர்கள். 1760-இல் அவர்கள் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று நம் தரங்கம்பாடி!

ஒரு வாய் சாப்பிட்டால் வாழ்த்து

கொரியாவில் பிறந்தநாள் காலையில் கடற்பாசி சூப் குடித்தாக வேண்டும். அதன் பெயர் மியோக்குக். பிள்ளை பெற்ற தாய்க்கு அங்கே கொடுக்கும் பத்திய உணவே அதுதான். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அதைக் குடிப்பது, பெற்றவளை நினைத்துக்கொள்வது! 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ கொரியர்கள் சென்னைப் பக்கம் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது வெளிநாடு, நாம்தான் உள்ளூர்க்காரர்கள்! உங்கள் கொரிய மேலாளரிடம் அவர் பிறந்தநாளன்று காலையில் சூப் கிடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

சீனர்களுக்கு நீளமான நூடுல்ஸ். நூடுல்ஸின் நீளம்தான் ஆயுளின் நீளம், அதனால் நறுக்கக் கூடாது. பிலிப்பைன்ஸ்காரர்களுக்குப் பான்சிட். அதுவும் நூடுல்ஸ், அதற்கும் நீண்ட ஆயுள் என்றுதான் பொருள். வளைகுடா நாடுகளிலும் கப்பல்களிலும் அவர்களோடு வேலை பார்த்தவர்கள் ஒரு தட்டாவது ருசித்திருப்பார்கள்! கானாவில் மசித்த சேனைவள்ளிக் கிழங்கில் பனையெண்ணெய் கலந்து, மேலே அவித்த முட்டை வைத்து ஓட்டோ என்று கொடுப்பார்கள். ரஷ்ய நண்பருக்குப் பூங்கொத்து வாங்கினால் பூக்களை எண்ணிப் பாருங்கள். ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இரட்டைப்படை அங்கே இறுதிச் சடங்குக்கு உரியது!

24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பிறந்தநாள்

ஊரில் நள்ளிரவு 12 அடித்ததும் வீட்டிலிருந்து போன் வரும். அப்போது துபாயில் இரவு 10:30 தான். அங்கிருந்து தொடங்கித் துபாயின் மறு நள்ளிரவு வரை கணக்குப் போட்டால் பிறந்தநாள் 25 மணி 30 நிமிடம்! சிங்கப்பூரில் இருப்பவருக்கு அங்கே முதலில் விடிந்து, ஊரில் கடைசியாக முடியும். மொத்தம் 26 மணி 30 நிமிடம். கோடைக்காலக் கலிஃபோர்னியா என்றால் 36 மணி 30 நிமிடம்! உலகம் முழுவதையும் சேர்த்தால், எந்த ஒரு தேதியும் பூமியில் எங்கோ ஓரிடத்தில் 50 மணி நேரம் உயிரோடு இருக்கிறது. வாழ்த்த நேரமில்லை என்று சொல்ல யாராலும் முடியாது!

பிறந்தநாளே காணாமல் போன நாடு, பிறந்தநாளைத் தானம் கொடுத்தவர்

சமோவா என்ற பசிபிக் தீவு நாடு 2011-இல் சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியது. டிசம்பர் 29 முடிந்ததும் நேராக டிசம்பர் 31! டிசம்பர் 30-இல் பிறந்த சமோவாக்காரர்களுக்கு அந்த வருஷம் பிறந்தநாளே வரவில்லை.

அதே சமோவாவில் குடியேறியிருந்தவர்தான் 'புதையல் தீவு' நாவலை எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். அங்கே அமெரிக்காவிலிருந்து நில ஆணையராக வேலைக்கு வந்தவர் ஹென்றி ஐட். அவர் மகள் ஆனி பிறந்தது டிசம்பர் 25. கிறிஸ்துமஸோடு பிறந்தநாளும் கரைந்துபோகிறது என்று அந்தப் பெண்ணுக்கு வருத்தம். ஸ்டீவன்சன் சட்டம் படித்தவர் ஆயிற்றே! எனக்கு இந்த வயதில் பிறந்தநாள் எதற்கு என்று சொல்லி, 1891-இல் முறைப்படி ஒரு பத்திரம் எழுதி, நவம்பர் 13 என்ற தன் பிறந்தநாளை ஆனிக்கே கொடுத்துவிட்டார். அவள் அதைச் சரியாகக் கொண்டாடாவிட்டால் அமெரிக்க ஜனாதிபதிக்குப் போய்விடும் என்று நிபந்தனை வேறு! வெளிநாட்டில் பழகிய நண்பரின் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பரிசை யார் கொடுத்திருக்கிறார்கள்?

பாஸ்போர்ட்டில் ஒன்று, பஞ்சாங்கத்தில் ஒன்று

கொரியர்கள் வழக்கத்தில் பிறக்கும்போதே ஒரு வயது, புத்தாண்டன்று எல்லாருக்கும் சேர்த்து இன்னொரு வயது என்று எண்ணினார்கள். 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி உலக வழக்கத்துக்கு மாறியதில் பலருக்கு ஒரே நாளில் ஒன்றிரண்டு வயது குறைந்தது! எத்தியோப்பிய நாள்காட்டியில் 13 மாதங்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்ததை அவர்கள் கொண்டாடியது 2007 செப்டம்பரில். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் சிறியது. அதனால் ஏறக்குறைய 33 வயதுக்காரர் ஹிஜ்ரிக் கணக்கில் 34 வயதுக்காரர்.

நமக்கோ ஆங்கிலத் தேதி ஒன்று, மாதமும் நட்சத்திரமும் சேர்ந்து வரும் நாள் ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் குத்துமதிப்பாக எழுதிய தேதியோடு வாழ்கிற மூத்தவர்களும் உண்டு. பிறந்த தேதி தெரியாமல் அகதிகளாக வந்த ஆப்கானியர், சோமாலியர் பலருக்கு அதிகாரிகள் எழுதிக்கொடுத்த தேதி ஜனவரி 1. ஆகவே அலுவலகப் பட்டியலில் இருக்கும் தேதி ஒருவர் மனதில் வைத்திருக்கும் தேதியாக இருக்க வேண்டும் என்பதில்லை!

பூமியைத் தாண்டிய வேலைக்காரர்கள்

சுமார் எட்டு நாள் வேலை என்று 2024 ஜூனில் விண்வெளி நிலையத்துக்குப் போன சுனிதா வில்லியம்ஸ், ஒன்பது மாதத்துக்கும் மேல் அங்கேயே இருக்கும்படி ஆனது. செப்டம்பர் 19, அவருடைய 59-ஆவது பிறந்தநாள், வந்தது அங்கேதான்! அந்த நிலையத்தில் ஒரு நாளைக்குச் சூரியன் சுமார் 16 முறை உதிக்கும். எடையற்ற நிலையில் மெழுகுவத்தி ஏற்றினால் சுடர் மேல்நோக்கி எழாது. உருண்டையாக, நீலமாக நிற்கும். ஆய்வுகளில் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் தூரத்தில், செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி. அது தரையிறங்கி ஒரு வருஷம் நிறைந்த 2013 ஆகஸ்ட் 5 அன்று, மண்ணைச் சோதிக்கும் கருவியை இசைச் சுரங்களுக்கு ஏற்ப அதிரவைத்து, ஹில் சகோதரிகளின் அதே மெட்டை அங்கே இசைக்கவைத்தார்கள் நாசா பொறியாளர்கள்! ஓர் இயந்திரத்தைக்கூடத் தனியாகப் பிறந்தநாள் கழிக்க விட மனிதனுக்கு மனம் வரவில்லை பாருங்கள்.

உங்கள் அலுவலகத்திலேயே ஓர் அதிசயம்

ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வர 50 விழுக்காட்டுக்கும் மேல் வாய்ப்பு உண்டு. காரணம் எளிது: 23 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 253 ஜோடிகள் வரும். 57 பேர் என்றால் வாய்ப்பு 99 விழுக்காடு! லேபர் கேம்ப்பின் ஒரே மாடியில், கப்பலின் ஒரே தளத்தில், மென்பொருள் நிறுவனத்தின் ஒரே வரிசையில் உங்கள் பிறந்தநாளிலேயே பிறந்த வேறு நாட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.

உடனே கண்டுபிடியுங்கள்! நேபாளியோ, கென்யரோ, பிலிப்பைன்ஸ்காரரோ, உங்கள் பக்கத்து சீட்டுக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். உங்கள் உண்மையான பிறந்தநாள் என்றைக்கு? ஊரில் அன்றைக்கு என்ன செய்வார்கள்? இங்கே நாங்கள் கொண்டாடினால் உங்களுக்குப் பிடிக்குமா? மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கேக் வாங்குவதா, நூடுல்ஸ் கிளறுவதா, ஒற்றைப்படையில் பூ கொடுப்பதா, தனியாக விட்டுவிடுவதா என்பது தானாக விளங்கிவிடும். செலவு கொஞ்சம்தான், ஆனால் வீட்டை விட்டு இத்தனை தூரம் வந்தவருக்கு, தன் ஊர் வழக்கத்தை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வதைவிடப் பெரிய பரிசு கிடையாது!